கஸின்னு சொன்னா காதல் மறைஞ்சிடுமா?

போன இதழ்ல செய்லர் மூன்ங்கற ஜப்பான் அனிமே பத்தி ஒரே ஒரு பாராதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதம் மேஜைல குவிஞ்சு கிடக்கு. பாதிப் பேர் ஒரே ஜோடியப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க. அதனால இந்த வாட்டி மேஜிக்கல் கேர்ள் அனிமேல (மாயசக்தி கெடச்ச பொண்ணுங்களப் பத்தின ஜப்பான் கார்ட்டூன்) பொண்ணும் பொண்ணும் காதலிக்கற கதை மட்டும்தான். சினிமா, சமையல் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

கேள்வி: அக்கா, செய்லர் மூன் நான் இங்கிலீஷ் டப்ல பார்த்தேன். அதுல அமாராவும் மிஷெல்லும் கஸின்ஸ். இப்ப ஜப்பானிய மொழில சப்டைட்டிலோட பார்த்தா ரெண்டு பேரும் கஸின்ஸ் மாதிரியே பேசிக்கலயே? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: ஏன்னா அவங்க கஸின்ஸே இல்லம்மா. அவங்க நிஜப் பேரு ஹருகா, மிச்சிரு. ஜப்பான்ல 1994ல ஆரம்பிச்ச மூணாவது சீசன்ல உள்ள வர்றாங்க. ஹருகா கார் ரேஸ் ஓட்டுவா, முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு பசங்க டிரெஸ்ல சுத்துவா, மிச்சிரு வயலின் வாசிப்பா, படம் வரைவா, நீச்சலடிப்பா, மொத்தத்துல எல்லாம் தெரிஞ்ச பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி. 92வது எபிசோட்ல கதாநாயகி உசாகியும் அவ தோழி மினாகோவும் வீடியோ கேம் சென்டர்ல ஹருகாவப் பார்த்து யார்றா இந்த ஹேண்ட்சம் பையன்னு வழிஞ்சுக்கிட்டே பின்னாடி போவாங்க, அது பொண்ணுன்னு தெரிஞ்சதும் அந்த ரெண்டு மூஞ்சியும் போற போக்கு இருக்கே, அதுக்காகவே நான் பத்து தடவ பார்த்திருப்பேன். 106வது எபிசோட்ல இவங்க ரெண்டு பேரும் எப்படி சந்திச்சாங்கன்னு ஃப்ளாஷ்பேக் வரும். உன் கூட ஒரு நாள் கடலோரமா கார்ல போகணும்னு ஆசைப்பட்டேன்னு மிச்சிரு சொல்ற இடம். அதுக்கப்புறமும் ப்ரெண்ட்ஸ்தான்னு யாராவது சொன்னா நான் வாதாட வரல.

2000ல அமெரிக்காவுக்காக டப் பண்ணினவங்களுக்கு இத எப்படிச் சமாளிக்கறதுன்னு தெரியல, கஸின்னு போட்டுட்டாங்க. ஆனா படத்த மாத்த முடியாதே, அந்தப் பார்வை, கைய புடிச்சுக்கறது, சீண்டிக்கறது எல்லாம் அப்படியேதான் இருக்கு, அப்போ பார்க்கறவனுக்கு என்ன தெரியும், காதலிக்கற கஸின்ஸ்னுதான் தெரியும். அமெரிக்காக்காரனுக்கு அது இன்னும் பெரிய தலைவலி. நம்ம ஊர்ல வேற கேக்கவே வேணாம், அத்தை பொண்ணு மாமன் பொண்ணுன்னா கல்யாணத்துக்கு முறைதானே! மறைக்கப் போயி சொந்தத்துலயே சம்பந்தம் பேசி வச்ச மாதிரி ஆயிடுச்சு.

இது முதல் தடவையும் இல்ல. 1995ல முதல் சீசன டப் பண்ணும்போது குன்சைட், சோய்சைட்னு ரெண்டு ஆம்பள வில்லன்கள் ஜோடியா இருந்தாங்கன்னு சோய்சைட்டப் பொம்பளயா மாத்தி பொம்பள குரலும் குடுத்தாங்க. 2014ல விஸ் மீடியாங்கற கம்பெனி வெட்டாம திரும்ப டப் பண்ண ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் இதெல்லாம் சரியாச்சு. நீங்க திரும்பப் பார்க்கறதா இருந்தா அந்த வெர்ஷன் பாருங்க.

கேள்வி: ஹருகா ஏன் ஆம்பள மாதிரியே இருக்கா? ரெண்டு பொண்ணுன்னா ஒருத்தி ஆம்பளயா இருந்தே ஆகணுமா?

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாளா இந்தக் கடுப்பு இருந்துச்சு. ஆனா ஹருகாவ ஜப்பான்காரங்க பார்த்தா அவங்களுக்கு ஞாபகம் வர்றது ஆம்பள இல்ல, டகராசுகா. ஹியோகோ மாகாணத்துல டகராசுகான்னு ஒரு ஊரு, அங்க 1914லேர்ந்து பொண்ணுங்க மட்டுமே நடிக்கற நாடகக் கம்பெனி ஓடுது. அதுல ஆண் வேஷம் கட்டறவங்களுக்கு ஒட்டோகோயாகுன்னு பேரு, நம்ம மேடைல ராஜபார்ட்டுன்னு சொல்ற மாதிரின்னு வச்சுக்கங்க. அவங்களுக்கு உயிரக் குடுக்கற ரசிகைங்க கூட்டமே உண்டு. ஒசாமு தெசுகான்னு பெரிய காமிக்ஸ் ஓவியர் வளர்ந்ததே அந்த ஊர்லதான், 1953ல அவர் வரைய ஆரம்பிச்ச 'ரிபோன் நோ கிஷி'ங்கற காமிக்ஸ்ல இளவரசி ஒருத்தி ஆம்பள வேஷத்துல வாள் சுத்துவா. அந்த வழில வந்தவதான் ஹருகா, நிஜ ஆம்பளயக் காப்பி அடிச்ச கேரக்டர் இல்ல. அப்புறம் எல்லா ஜோடியும் இப்படி இல்ல, மடோகாங்கற அனிமேல வர்ற மடோகா, ஹொமுரா ரெண்டு பேருமே பாவாடை சட்டைதான்.

கேள்வி: பொண்ணுங்க ரெண்டு பேர் சிரிச்சுப் பேசினா உடனே காதல்ங்கறீங்க. நட்புன்னு ஒண்ணு உலகத்துல இல்லையா மேடம்?

பதில்: இருக்கு சார். 2004ல வந்த முதல் ப்ரீக்யூர்ங்கற மேஜிக்கல் கேர்ள் தொடர்ல நகிசாவும் ஹொனோகாவும் கைய கோத்தாதான் சக்தியே வரும், 8வது எபிசோட்ல சண்ட போட்டு சமாதானமாகி பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பாங்க பாருங்க, நட்புக்கு அதவிட அழகா நான் எதயும் பார்த்ததில்ல. நகிசாவுக்கு ஒரு பையன் மேலதான் கண்ணு. அத நட்புன்னே விட்டுடலாம், ஒண்ணும் கொறஞ்சு போகாது.

ஆனா இதுல ஒரு பழைய கதை இருக்கு. நூறு வருஷம் முன்னாடி ஜப்பான் பெண்கள் பள்ளில 'எஸ்'னு ஒரு உறவு இருந்துச்சு, சிஸ்டர்ங்கற வார்த்தையோட முதல் எழுத்து. பெரிய க்ளாஸ் பொண்ணும் சின்ன க்ளாஸ் பொண்ணும் உருகி உருகி லெட்டர் எழுதிக்குவாங்க. பெரியவங்க கண்டுக்க மாட்டாங்க, ஏன்னா படிப்பு முடிஞ்சா கல்யாணம் ஆயிடும், இதெல்லாம் வயசுக் கோளாறு, தானா போயிடும்னு நெனப்பு. 1916லேர்ந்து 'மலர்க் கதைகள்'னு இதயே எழுதி பெரிய பேர் வாங்கின நொபுகோ யோஷியாவுக்கு மட்டும் அது போகவே இல்ல. மொன்மா சியோங்கறவங்களோட அரை நூற்றாண்டு ஒண்ணா வாழ்ந்தாங்க, கல்யாணம் பண்ணிக்க சட்டத்துல வழி இல்லாததால 1957ல சியோவ மகளாத் தத்து எடுத்துக்கிட்டாங்க. ஆமா, துணைவிய மகளா. கஸின்னு எழுதற டப்பிங்காரன விட சட்டம் பெரிய ஆளு.

அதனால 'வெறும் நட்பு'ன்னு யாராவது அழுத்திச் சொன்னா எனக்குக் கொஞ்சம் உறுத்தும், அந்த வார்த்தைய வச்சு நெறய பேரோட வாழ்க்கைய மூடி வச்சிருக்காங்க. எனக்கு நிஜமா கோவம் வர்றது நனோஹாங்கற மேஜிக்கல் கேர்ள் தொடர் மேல. 2007ல வந்த மூணாவது சீசன்ல நனோஹாவும் ஃபேட்டும் வளந்தாச்சு, வேலைக்குப் போறாங்க, ஒரே அறைல தங்கறாங்க, விவியோன்னு ஒரு கொழந்தைய வளக்கறாங்க, அது ரெண்டு பேரையும் மாமா மாமான்னு கூப்பிடுது (ஜப்பான்ல மாமான்னா அம்மா, நான் முதல்ல கேட்டப்போ குழம்பிட்டேன்). இவ்ளோவும் காட்டிட்டு காதல்ங்கற ஒரு வார்த்தைய மட்டும் வாய்லேர்ந்து விட மாட்டேங்கறாங்க. ரெண்டு பக்கத்துக் காசும் வேணும்னு கடை நடத்தற மாதிரி எனக்குப் படுது.

கேள்வி: யூரின்னா என்ன?

பதில்: லில்லிப் பூ. 1970கள்ல ஜப்பான்ல ஓரின ஈர்ப்புள்ள ஆண்களுக்குன்னு 'பராஸொகு'ன்னு ஒரு பத்திரிகை வந்துச்சு, பரான்னா ரோஜா. அதுக்குப் பொண்ணுங்களும் கடிதம் எழுதறாங்கன்னு தெரிஞ்சு அவங்களுக்கு ஒதுக்கின பக்கத்துக்கு 'லில்லிக் கூட்டத்தோட அறை'ன்னு பேர் வச்சாங்க, அந்தப் பூவே அப்புறம் பொண்ணும் பொண்ணும் காதலிக்கற கதைகளுக்குப் பேராச்சு. வாசகர் கடிதப் பக்கத்துல பொறந்த வார்த்தைங்கறதால எனக்கு இது மேல தனிப் பாசம்.

கேள்வி: உடேனாங்கற அனிமே பார்க்கலாமா? அது மேஜிக்கல் கேர்ளே இல்லன்னு நண்பன் சொல்றான்.

பதில்: நண்பன் கிட்ட ஒரு நாள் முழுக்க சண்ட போடலாம், நான் மேஜிக்கல் கேர்ள் கட்சி. செய்லர் மூன் டைரக்ட் பண்ணின குனிஹிகோ இகுஹாரா அங்கேர்ந்து வெளிய வந்து 1997ல எடுத்தது, 39 எபிசோட். சின்ன வயசுல தன்னத் தேத்தின இளவரசனப் பார்த்து அவனக் கட்டிக்கணும்னு நெனைக்காம நானே இளவரசனாகணும்னு கிளம்பற பொண்ணு உடேனா. ஸ்கூல்ல வாள் சண்ட நடக்குது, ஜெயிக்கறவங்களுக்கு ஆன்தின்னு ஒரு பொண்ணு பரிசு, 'ரோஜா மணமகள்'னு பேரு. பரிசுன்னா பரிசேதான், யாரு ஜெயிச்சாலும் சரிங்கன்னு அவங்க பின்னாடி போயிடுவா. மாநிறம், நெத்தில பொட்டு, நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரியே இருப்பா. 8வது எபிசோட்ல கறி மசாலா வெடிச்சு ரெண்டு பேரோட குணமும் இடம் மாறிடும், அதச் சரி பண்ண ஒருத்தி இந்தியாவுக்கே போயி யானைகிட்ட ஓட்டம் எடுப்பா, அந்த இந்தியாவப் பார்த்து சிரிச்சுக்கங்க, கேஸ் போட வேணாம்.

சிரிப்பு அதோட சரி. கடைசி பதினஞ்சு எபிசோட் ரொம்ப இருட்டு, ஆன்திய அவ அண்ணனே எப்படி அடக்கி வச்சிருக்கான்னு வரும், அந்த மாதிரி விஷயம் உங்களக் கலங்கடிக்கும்னா யோசிச்சுப் பாருங்க. (முடிவு தெரியக் கூடாதுன்னா அடுத்த ரெண்டு வரியத் தாண்டிடுங்க.) உடேனா ஆன்தியக் காப்பாத்தினாளான்னு கேட்டா, உடேனா தோத்துட்டதா நெனச்சுக்கிட்டே காணாமப் போறா. ஆனா ஆன்தி கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, பெட்டியத் தூக்கிக்கிட்டு, அவளத் தேடி ஸ்கூல் கேட்டத் தாண்டி வெளிய நடந்து போறா. முத்தம் வேணும்னா 1999ல வந்த சினிமால இருக்கு. அதுல உடேனா காரா மாறுவா, ஆன்தி அத ஓட்டுவா, ஏன்னு எங்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: மடோகால ஹொமுரா பண்றது காதலா, வெறியா?

பதில்: 2011ல வந்த 12 எபிசோட்ல காதல், 2013 சினிமால ரெண்டும். ஒரே மாசத்துக்குள்ள திரும்பத் திரும்ப காலத்தப் பின்னாடி சுத்தி மடோகாவச் சாகாம காப்பாத்தப் பாக்கறா, ஒவ்வொரு சுத்துலயும் மடோகாவுக்கு இவ புதுசு, இவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம். அந்தத் தனிமைதான் அவள முறுக்கிடுது. சினிமா முடிவுல மடோகா தானா எடுத்த முடிவயே பறிச்சுட்டு, இதுக்குப் பேரு காதல்னு அவ வாயாலயே சொல்றா. பேரச் சொல்லத் துணிஞ்ச ஒருத்தி, அதுவும் தப்பான நேரத்துல சொல்றா பாருங்க. அவளத் திட்டலாம், ஆனா அவ பொய் சொல்லல.

கேள்வி: என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. எதைக் காட்டலாம்?

பதில்: மடோகாவும் உடேனாவும் இப்ப வேணாம். கார்ட்கேப்டர் சகுரா காட்டுங்க, 1998ல வந்தது, 70 எபிசோட். சகுராவோட தோழி டோமோயோ அவளுக்கு டிரெஸ் தச்சுக் குடுப்பா, கேமராவத் தூக்கிக்கிட்டு பின்னாடியே போவா. உன்ன ரொம்பப் பிடிக்கும்னு சொல்லுவா, எனக்கும் பிடிக்கும்னு சகுரா சிரிப்பா. நான் சொல்ற பிடிக்கும் கொஞ்சம் வேறன்னு நினைக்கறேன், நீ பெரியவளானதும் சொல்றேன்னு டோமோயோ அதோட விட்டுடுவா. சகுரா அப்புறம் ஒரு பையனத்தான் விரும்பறா, டோமோயோவும் அதுக்கு உதவி பண்றா. டோமோயோவோட அம்மாவும் சகுராவோட அம்மாவ அப்படித்தான் விரும்பியிருக்காங்க. அந்த அம்மாக்கள் ரெண்டு பேரும் நிஜமாவே கஸின்ஸ்.