கூலி: இல்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மகள் பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவும் தலைமைப் பண்பும் சொல்லித்தரும் வகுப்புக்கு எட்டு ஞாயிறு போனாள், கட்டணம் 6,000. அதில் நாலு பெண்கள் சேர்ந்து ஹோம்மேட் சாக்லேட்டுக்கு ஒரு பெயர் வைத்து, மே மாத சீசனில் ஊட்டியில் ஸ்டால் போட்டார்கள். விற்பனை 18,600, செலவு 9,200, லாபம் 9,400. கூலிச் செலவே இல்லை, வீட்டு ஆளுங்கதானே. என் மனைவி இலை எடுத்துவிட்டு வந்து, பதினோரு நாள், ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை உருக்கி ஊற்றிக் காகிதம் சுற்றிக் கொடுத்தாள், அவளுக்கும் சந்தோஷம்தான். மகள் டீமை நன்றாக நடத்தினாள், முதல் பரிசும் வாங்கினாள். போஸ்டரில் நாலு பேர் படமும் பதவியும் போட்டிருந்தார்கள், இவள் சி.இ.ஓ. இப்போது சி.ஏ. வேண்டாம், பிசினஸ்தான் என்கிறாள். ஊக்கப்படுத்துவதா, தடுப்பதா?

பதில்: தம்பி, படிப்பா பிசினஸா என்று மாதத்துக்கு நாலு கடிதம் வருகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வைப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் எழுத முடியும். அதற்குள் அவள் மூன்று முறை மனசு மாறுவாள். பதினாறு வயதில் நான் டீச்சர் ஆவேன் என்றேன், பதினேழில் கன்னியாஸ்திரி. காமர்ஸ் குரூப் எதற்கும் குறுக்கே நிற்காது, படிக்கட்டும்.

என்னைப் பிடித்துக்கொண்டது அது இல்லை. ‘கூலிச் செலவே இல்லை, வீட்டு ஆளுங்கதானே’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் சந்தோஷம் என்று போய்விட்டீர்களே, அதுதான்.

ஊட்டி சாக்லேட் எப்படி ஆகிறது என்று எனக்கும் தெரியும். கட்டியாக வரும் சாக்லேட் காம்பவுண்டை வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்து உருக்கணும், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரண்டு கெட்டுப்போகும். அப்புறம் அச்சில் ஊற்றி, தட்டிக் காற்றை எடுத்து, உங்கள் ஊர்க் குளிரிலேயே இறுகவிடலாம். ஆனால் காகிதம் சுற்றுவதுதான் நேரம் தின்னும். ஒவ்வொன்றாக, ஓரம் மடித்து, நகத்தால் நீவி. காலையிலிருந்து கொழுந்து கிள்ளிய விரல் எப்படி இருக்கும்? நுனியெல்லாம் கருப்பு, எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. அந்த விரலால் சில்வர் பேப்பர் கிழியாமல் ராத்திரி ஒரு மணிக்கு மடித்திருக்கிறார் உங்கள் மனைவி. அதைப் போஸ்டரில் இருந்த நாலு படத்தில் எந்தப் படம் செய்தது, சொல்லுங்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். பதினோரு நாள், நாலு நாலு மணி நேரம், 44 மணி. எட்டு மணி ஒரு நாள் வேலை என்றால் ஐந்தரை நாள் கூலி. வெளியாள் வைத்தால் நீங்கள் ஒரு நாளைக்கு 450 கொடுப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம், குறைத்தே வைக்கிறேன், ராத்திரி வேலைக்கு அந்தக் காசில் யாரும் வரமாட்டார்கள். 2,475 ரூபாய். லாபம் 9,400 இல்லை, 6,925. இதில் வீட்டு சிலிண்டரும் கரண்டும் சேரவில்லை. ஆளுக்கு 2,350 என்று பங்கு போட்ட பிள்ளைகள் உண்மையில் சம்பாதித்தது ஆளுக்கு 1,731. அதுவும் நல்ல காசுதான், நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. மீதி எந்த ஜேபியிலிருந்து வந்தது என்று தெரியாமலேயே அந்தப் பெண் மேடையேறிப் பரிசு வாங்கியிருக்கிறாள். எட்டு ஞாயிறு லோகோவும் பேச்சும் சொல்லிக்கொடுத்தவர்கள் ‘இதை யார் செய்தது, எத்தனை மணி நேரம்?’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே வணிகத் தனித்தன்மை கருத்து என்று ஒரு பாடம் இருக்கிறது, வீடு வேறு வியாபாரம் வேறு என்று. அதை அவள் மார்க்குக்குப் படித்திருப்பாள்.

ஆனால் அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது, வீட்டில் பார்த்ததைத்தானே எழுதினாள். உங்கள் தோட்டக் கணக்கை எடுங்கள். உரம் இருக்கும், மருந்து இருக்கும், இலை வண்டி வாடகை இருக்கும். உங்கள் மனைவி எடுத்த இலைக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? வீட்டு ஆளுங்கதானே.

2023-ல் உங்கள் பக்கம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். உற்பத்திச் செலவோடு அதில் பாதியைச் சேர்த்துக் கொடு என்ற சுவாமிநாதன் குழுக் கணக்கைத்தான் கேட்டார்கள், கேட்டது நியாயம். அந்த உற்பத்திச் செலவு என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. நெல்லுக்கு உண்டு. அதை நிர்ணயிக்கும்போது விதை, உரம், கூலியோடு, குடும்பத்தார் வயலில் இறங்கிச் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுத்தான் செலவு கட்டுகிறார்கள். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, முகம் தெரியாத ஒரு நெல் விவசாயியின் பெண்டாட்டி கணக்கில் வருகிறார். உங்கள் வீட்டுப் பெண் உங்கள் நோட்டில் வரவில்லை. அப்புறம் ஃபேக்டரிக்காரர் விலை குறைக்கிறார் என்று எந்த வாயால் கேட்பது?

எங்கள் வீட்டில் பலசரக்குக் கடை. அப்பா கல்லாவில், அம்மா பின்கட்டில் பருப்பு புடைத்துப் பொட்டலம் மடிப்பார். முப்பது வருஷம். அம்மாவுக்கு இடுப்பு உடைந்தபோது அப்பா அந்த வேலைக்கு இரண்டு ஆள் வைத்தார், அடுத்த வருஷமே கடை தள்ளாடியது. அதுவரை கடை லாபத்தில் ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம், நானும்தான். குடும்பத்துக்காக உழைப்பது கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் செய்கிறவர் தன் கடமை என்று சொல்லலாம், வாங்கிக்கொள்கிறவர் ‘அது அவர் கடமை’ என்று சொன்னால் அது வெறும் திருட்டு. கோபம் வந்தால் வரட்டும்.

இனி செய்ய வேண்டியது. மகளை உட்காரவைத்து அந்த மே மாதக் கணக்கைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. மணி நேரத்தை அவளே அம்மாவிடம் கேட்டுக் குறிக்கட்டும். பிறகு அந்த 2,475-ஐ நாலு பங்காக்கினால் ஆளுக்கு 619 வரும், தன் பங்கை எடுத்து வைத்துவிட்டு மற்ற மூன்று பெண்களிடமும் போய் வசூலித்து வரட்டும். பிரித்துக்கொண்ட லாபத்தைத் தோழிகளிடம் திரும்பக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத் தெரியும். தலைமைப் பண்பு வகுப்புக்கு 6,000 கட்டினீர்களே, அந்தப் பாடம் இங்கேதான் இருக்கிறது. அந்த மூன்று வீட்டிலும் எந்த அம்மா கண் விழித்தார் என்று அப்போது பேச்சு வரும், வரட்டும்.

தீபாவளிக்கு மறுபடி விற்கப் போகிறாள் என்றால் இன்னொன்று. வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். ஸ்டால் வாடகையோ, கடைக்காரரோடு ஆர்டரோ, 18 வயது ஆகாதவள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் மைனரை லாபத்தில் சேர்த்துக்கொள்ள விடுகிறது, நஷ்டம் வந்தால் சொந்தப் பொறுப்பு கிடையாது. பத்திரம் எதுவும் இல்லாமலே உங்கள் மகள் இப்போது கிட்டத்தட்ட அந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறாள். ஆக, பதிவு பெரியவர் ஒருவர் பெயரில்தான் இருக்க முடியும். உங்கள் பெயரில் போடாதீர்கள். மனைவி பெயரில் போடுங்கள், பணம் போவதும் அவர் பேங்க் கணக்குக்கு, லேபிளில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் இருப்பதும் அவர் பெயர். மகள் அவரிடம் வேலை பார்க்கட்டும், விற்பனையும் கணக்கும் அவள் பொறுப்பு, வாரம் ஒரு தடவை முதலாளியிடம் நோட்டைக் காட்டணும். இரண்டு வருஷம் அப்படி ஓட்டிய பிறகு சி.ஏ. வேண்டாம் என்று சொன்னால் நானே அவள் பக்கம் பேசுகிறேன்.

அப்புறம், உங்கள் மனைவிக்கு சந்தோஷம்தான் என்று நீங்கள் எழுதியதை நான் இன்னும் நம்பவில்லை. அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள். ராத்திரி வேண்டாம், பகலில் எழுதட்டும், அன்றைக்கு இலை நீங்கள் எடுங்கள்.