4.45-உம் 332.06-உம்

அன்புள்ள ஐயா,

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வகத்தின் பழைய ஃபோர்ட்ரான் நிரலை சி++க்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அலகைச் சரிபார்க்கும் லைப்ரரி ஒன்றைச் சேர்க்கலாமா? வழிகாட்டியோ, “அலகெல்லாம் கட்டுரையில் எழுதினால் போதும்” என்கிறார். நிரலின் நடுவில் 332.06 என்று ஓர் எண் நிற்கிறது. கேட்டால், “அது எப்பவும் அங்கேதான் இருக்கு, கை வைக்காதே” என்கிறார். நண்பர்கள் செவ்வாய்க்குப் போய்த் தொலைந்த விண்கலத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்ட முட்டாள்தனத்தை இன்று யார் செய்வார்கள்?

ம.

அன்புள்ள ம.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. வேண்டாம். உங்கள் துறையில் தூரம் என்பது 10⁻¹⁰ மீட்டர். அணுக்களின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் கணக்கிடும் லென்னார்டு-ஜோன்ஸ் சூத்திரத்துக்காக அதன் தலைகீழை பன்னிரண்டாம் அடுக்குக்கு உயர்த்தினால் 10¹²⁰ வரும். ஒற்றைத் துல்லிய எண்ணில், அதாவது கணினி 32 பிட்டில் வைக்கும் எண்ணில், 10³⁸ அளவுக்கு மேல் இடமில்லை. லாம்ப்ஸ் மென்பொருளின் ‘ரியல்’ அலகுமுறை போல ஆங்ஸ்ட்ராம், கிலோகலோரி, ஃபெம்டோநொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரி உங்கள் விருப்பம்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னைக் கோபப்படுத்தியது. முட்டாள்தனம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பர் 11-ல் கிளம்பியது. அதன் சூரியத் தகடு ஒரே பக்கம் இருந்ததால் சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அதைச் சமாளிக்க அடிக்கடி சிறிய உந்திகளை இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு உந்துதலின் அளவையும் தரையிலிருந்த நிரல் ஒரு கோப்பில் எழுதும். நியூட்டன்-நொடியில் வரவேண்டிய எண் பவுண்டு விசை-நொடியில் வந்தது, அதாவது 4.45 மடங்கு குறைவாக. 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கி.மீ. உயரத்தில் போகவேண்டிய கலம் சுமார் 57 கி.மீ.க்கு இறங்கிப்போய்த் தொலைந்தது. இதுவரை உங்கள் நண்பர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவர்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். முந்தைய விண்கலமான மார்ஸ் குளோபல் சர்வேயருக்கு எழுதிய நிரலில் அந்த 4.45 சரியாகவே இருந்தது. ஆனால் சமன்பாட்டுக்குள் கரைந்து கிடந்தது. பார்த்தால் தெரியாது, பக்கத்தில் குறிப்பும் கிடையாது. அடுத்த கலத்துக்காகப் புது உந்தியின் சமன்பாட்டைப் போட்டபோது பழையதோடு அதுவும் போய்விட்டது. அவர்களுக்கு அலகு மாற்றத் தெரியாதா என்ன? ஒருவர் சரியாகச் செய்தார், செய்ததை எழுதி வைக்கவில்லை. லைப்ரரி இருந்தாலும் பாதி வழிதான் வந்திருக்கும். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போனது வெறும் எண்கள் நிறைந்த கோப்பு. பயணத்தின்போதே வழிகாட்டுக் குழுவினர் சிலர் கணக்கு ஒத்துவரவில்லை என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை முறைப்படி யாரையும் போய்ச் சேரவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி நடந்தது. பம்ப் ஒன்றுக்கான இரும்புச் சட்டம். சட்டத்தின் வலிமையைக் கணக்கிடும் எங்கள் மென்பொருள் அலகே கேட்காது, எண் மட்டும் கேட்கும். மில்லிமீட்டர், நியூட்டன், நொடி என்று போனால் நிறை டன்னில் இருக்க வேண்டும்; எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹. யாரோ கிலோகிராம் நினைப்பில் 7.85×10⁻⁶ போட்டிருந்தார்கள். ஈர்ப்பு சேர்க்காத நிலையியல் கணக்கில் அடர்த்திக்கு வேலையே இல்லை, அதனால் தகைவெல்லாம் சரியாக வந்தது, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிர்வுக் கணக்கில்தான் மாட்டியது. நிறை ஆயிரம் மடங்கு கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 32 மடங்கு குறையும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “இவ்வளவு விறைப்பான சட்டம் நொடிக்கு ரெண்டு தடவை ஆடுமா சார்?” என்று கேட்டாள். கணக்குக்காகச் சட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ் சரியில்லை, திரும்பப் போடு என்றார்கள். போட்டாள். மறுபடியும் அதே இரண்டு ஹெர்ட்ஸ். மறுபடியும் கேட்டாள், திட்டு வாங்கினாள். கடைசியில் தானே உட்கார்ந்து ஒவ்வொரு உள்ளீடாகப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடித்தாள். யாரும் நன்றி சொல்லவில்லை. அவளை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அவள் ஞாபகம்தான் வந்தது. 332.06 என்ன என்று கேட்கத் தோன்றியதே உங்களுக்கு! அப்புறம் ஏன் ஒரு அதட்டலுக்கு அடங்கிப்போனீர்கள்?

அது மின்சுமைகளுக்கு இடையிலான ஆற்றலைக் கணக்கிட உதவும் கூலும் மாறிலி. மின்சுமை எலக்ட்ரான் மின்னூட்டத்திலும், தூரம் ஆங்ஸ்ட்ராமிலும், ஆற்றல் மோலுக்குக் கிலோகலோரியிலும் இருந்தால் 332.06. குரோமாக்ஸ் மென்பொருள் போல நானோமீட்டருக்கும் கிலோஜூலுக்கும் மாறினால் அதே மாறிலி 138.935. உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர் மற்றதையெல்லாம் மாற்றிவிட்டு, கை வைக்கக்கூடாத இந்த எண்ணை மட்டும் விட்டால், மின்விசை 2.39 மடங்கு கூடிவிடும். நிரல் நிற்காது. வரைபடம்கூட அழகாக வரலாம்.

அதனால் இந்த வாரமே அந்த எண்ணுக்கு அலகோடு சேர்த்து ஒரு பெயர் வையுங்கள், எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். வழிகாட்டி கோபித்தால் கோபிக்கட்டும். பிறகு பழைய நிரல் முழுக்க 332 என்று தேடிப் பாருங்கள். அவ்வளவு பழைய நிரலில் அது ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.