எட்டு மாதப் பழைய கோர் இன்னும் உண்மை சொல்லுமா?

உத்தராகண்டில் ஒரு நீர்மின் திட்டச் சுரங்கப்பாதையில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: “320 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குவார்ட்சைட் பாறைக் கோர் (துளையிட்டு எடுத்த உருளைத் துண்டு) எட்டு மாதமாகப் பெட்டியில் கிடக்கிறது. துளைக்குள்ளேயே தண்ணீர் அழுத்தி அளக்கும் சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. கோரை லேபில் அமுக்கினாலே பூமிக்குள் இருந்த அழுத்தம் தெரிந்துவிடும் என்கிறார் ஆலோசகர். நம்பி டிசைன் போடலாமா?”

பாதி நம்பலாம். ஆலோசகர் கதை விடவில்லை, ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் நிறைய இருக்கிறது.

புதிதாகக் கயிறு பின்னிய கட்டிலில் ஒல்லியான ஒருவர் உட்கார்ந்தால் கிறீச்சிடும். அவரே எழுந்து மறுபடி உட்கார்ந்தால் சத்தம் வராது. அவரைவிடக் கனமான மாமா ஒருவர் வந்து உட்கார்ந்தால் திரும்பவும் கிறீச். பாறையிலும் ஏறக்குறைய இதுதான் கதை. அமுக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் திறந்து நீள்கின்றன, ஒவ்வொன்றும் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஒரு சின்னச் ‘சட்’ போடுகிறது, அதை ஒட்டவைத்த சென்சார் பிடித்துக்கொள்கிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால், முன்பு தொட்ட அளவு வரை நீள வேண்டிய விரிசல்கள் ஏற்கெனவே நீண்டுவிட்டதால் பெரும்பாலும் அமைதி. அந்த அளவைத் தாண்டியதும் சத்தம் எகிறும். ஜெர்மனியின் ஜோசப் கைசர் 1950-ல் உலோகங்களில் இதைக் காட்டினார், 1963-ல் குட்மன் பாறையிலும் பார்த்தார், 1970-களில் ஜப்பானியர்கள் இதை வைத்து நிலத்தடி அழுத்தத்தைக் கணிக்க முயன்றார்கள். பெயர் கைசர் விளைவு. பூமிக்குள் பட்ட அழுத்தமே கோருக்குப் பழைய உச்சம், லேபில் அமுக்கும்போது சத்தம் எகிறும் இடத்தில் அது தெரியும் என்பதுதான் யோசனை. இதைத்தான் பாறையின் நினைவு என்கிறோம்.

நம் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையிலும் இதன் சாயல் உண்டு. அணையில் 1962-ல் நீர் தேங்கத் தொடங்கியது, 1967 டிசம்பர் 11 அதிகாலையில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன் பிறகு, நீர்மட்டம் முந்தைய உச்சத்தைத் தாண்டுகிறதா என்பதையும், மறுபடி நடுக்கம் வருமா என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு குறியாகப் பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் கோருக்கு வருவோம். முதல் சிக்கல் திசை. பாறையின் நினைவு ஒரு திசையைச் சேர்ந்தது, அமுக்கும் திசை பத்துப் பதினைந்து டிகிரி விலகினாலே அது மங்கிவிடும். முழு அழுத்தநிலையும் வேண்டுமென்றால் ஒரே ஆழத்துக் கோரிலிருந்து குறைந்தது ஆறு வெவ்வேறு திசைகளில் சிறு துண்டுகளைக் குடைந்தெடுக்க வேண்டும். துளைக்குள் இருந்தபோது கோரின் எந்தப் பக்கம் வடக்கு என்று அப்போதே குறிக்காமல் பெட்டியில் அடுக்கியிருந்தால் கிடைமட்ட அழுத்தத்தின் திசையை மறந்துவிடுங்கள், சுரங்கத்துக்கு முக்கியமானதே அதுதான்!

அப்புறம் காலம். குவார்ட்சைட் போன்ற கெட்டிப் பாறை மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கலாம், மென்மையான பாறை சீக்கிரம் மறந்துவிடும். பெட்டி மழையில் நனைந்து கோருக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் என் கணக்கில் அந்தக் கோர் செத்தது, ஏனென்றால் ஈரம் நினைவை மோசமாக அழிக்கும்.

மூன்றாவதைத்தான் பலரும் மூடி மறைக்கிறார்கள். பூமிக்குள் பாறை எல்லாப் பக்கமும் அழுத்தப்பட்டிருந்தது, லேபில் நாம் ஒரே பக்கம் அமுக்குகிறோம். சுற்றுப் பிடிப்பில்லாமல் அமுக்கினால் விரிசல் முளைக்கும் நிலையே வேறு, ஆகவே சத்தம் எகிறிய இடத்தின் எண்ணை அப்படியே நிலத்தடி அழுத்தம் என்று எழுதுவது சரியா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. பாறையின் உடையும் வலிமைக்கு அருகே போனால் பழைய உச்சத்துக்கு முன்பே சத்தம் வந்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் தூக்கிப் போட வேண்டாம். உங்களிடம் ஒரு இலவசச் சோதனை இருக்கிறது: 320 மீட்டர் பாறையின் எடை, மீட்டருக்கு சுமார் 0.027 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்தால், கிட்டத்தட்ட 8.6 மெகாபாஸ்கல். செங்குத்துத் துண்டு இதற்குப் பக்கத்தில் வந்தால் மற்றத் திசைகளின் எண்களையும் காதில் போட்டுக்கொள்ளலாம் (செங்குத்தான மலைச்சரிவில் இந்தக் கணக்கே கொஞ்சம் விலகும், அதையும் நினைவில் வையுங்கள்). இருபது, முப்பது என்று வந்தால் கேள்வி கேளுங்கள். பவர்ஹவுஸ் வரும் இடத்திலாவது ஒரே ஒரு துளையில் நீரழுத்தச் சோதனைக்குச் சண்டை போட்டுப் பணம் வாங்குங்கள், கோர் முடிவை அதோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை அமுக்கி, இரண்டு வரைபடங்களையும் தரச் சொல்லுங்கள். முதல் முறை வந்த சத்தத்தில் கோரின் முனை இரும்புத் தட்டில் உரசும் சத்தமும் கலந்திருக்கும், இரண்டாம் முறையும் அதே இடத்தில் வந்தால் அது உரசல்தான். விகாரத்தையும் (அமுக்கும்போது துண்டு எவ்வளவு சுருங்கியது என்பதை) அளந்திருந்தால், இரண்டு முறைக்குமான வித்தியாசத்தை வரைந்து கோடு எங்கே வளைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், சத்தம் குழப்பும் கோரில் அது பலமுறை கைகொடுக்கும். இரண்டாம் வரைபடம் இல்லாமல் ஒரு எண்ணை மட்டும் தந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.