கேள்வி – பதில்: எடைப் பரவல் கேட்டால் கணினி ஏன் உறைகிறது?

கேள்வி: நீளம் 100, பரிமாணம் 50 உள்ள, அதாவது [100,50], இருமப் பிழைதிருத்தும் குறியீட்டை சேஜ் என்ற கணித மென்பொருளில் கொடுத்து எடைப் பரவலை, அதாவது எத்தனை ஒன்றுகள் உள்ள சொற்கள் எத்தனை என்பதை, கேட்டேன். விடிய விடிய ஓடியும் விடை இல்லை. [24,12] கோலே குறியீட்டுக்கு நொடியில் வந்ததே?

பதில்: கோலேயில் இருப்பவை 2-இன் 12ஆம் அடுக்கு, 4,096 குறிச்சொற்கள்தான் (குறியீட்டில் இடம்பெறும் 0, 1 சரங்கள்). உங்களுடையதில் 2-இன் 50ஆம் அடுக்கு, அதாவது 1,100 லட்சம் கோடிக்கும் மேல். எடைப் பரவல் என்றால் அத்தனையும் கணக்கில் வந்தாக வேண்டும். எத்தனை பிழை திருத்தும் என்பதுதான் உங்கள் கவலை என்றால் மிகச்சிறு தூரம், அதாவது பூஜ்யமல்லாத சொற்களின் மிகக் குறைந்த எடை (ஒன்றுகளின் எண்ணிக்கை), போதும். அதை மட்டும் கேளுங்கள்.

தூரத்துக்கு பிரௌவர்–சிம்மர்மன் முறை உண்டு. மேக்மா என்ற கணித மென்பொருள் பயன்படுத்துவது அதைத்தான். ஜெனரேட்டர் அணியை (இதன் வரிசைகளைக் கூட்டினால் எல்லாக் குறிச்சொற்களும் வரும்) இரண்டு விதமாகச் சுருக்குவார்கள்: ஒன்றில் அலகு அணி முதல் 50 நிரல்களில், மற்றொன்றில் கடைசி 50 நிரல்களில். இரண்டிலும் ஐந்து வரிசைகள் வரையிலான கூட்டல்களை எல்லாம் பார்த்து முடித்தால், மிஞ்சிய எந்தச் சொல்லுக்கும் ஒவ்வொரு பாதியிலும் குறைந்தது ஆறு ஒன்றுகள் இருந்தே தீரும். ஆகவே எடை 12-க்குக் கீழே போகாது. இதற்குள் 12 எடையில் ஒரு சொல் சிக்கியிருந்து, அதைவிடச் சிறியது தட்டுப்படவில்லை என்றால் வேலை முடிந்தது: தூரம் 12. மொத்தம் சுமார் 47 லட்சம் கூட்டல்கள், அவ்வளவே. கடைசி 50 நிரல்களின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை) 50-க்குக் குறைந்தால் கீழெல்லையும் அந்த அளவு தளரும், நேரம் கூடும். குறியீட்டில் எல்லா எடையும் 4-இன் மடங்கு என்று முன்பே தெரிந்தால் கீழெல்லையை அடுத்த மடங்குக்கு உயர்த்திக்கொள்ளலாம். கோலேயின் 24 நீள வடிவத்தில் இரண்டு வரிசைக் கூட்டல்களோடு, 156 சோதனைகளில், தூரம் 8 என்று உறுதியாகிவிடும்.

தற்செயல் தேடல் சட்டென்று ஒரு சிறிய எடையைக் காட்டும். அது மேலெல்லை மட்டுமே. அதைத் தூரம் என்று எழுதிவிடாதீர்கள்.

எடைப் பரவலே வேண்டும், குறியீடு [100,85] போன்றது என்றால், இணைக் குறியீட்டின் (எல்லாக் குறிச்சொற்களோடும் உட்பெருக்கம் பூஜ்யமாகும் சொற்கள்; பரிமாணம் 100 − 85 = 15) 32,768 சொற்களை எண்ணி, இரண்டின் எடைப் பரவல்களையும் இணைக்கும் மெக்வில்லியம்ஸ் சமன்பாட்டால் மாற்றுங்கள். [100,50]-க்கு இந்த வழி உதவாது. இணைக் குறியீடும் அதே அளவு பெரியது.

கேள்வி: 110, 011, 101 என்ற மூன்று வரிசைகளுக்குத் தரம் 3 என்று வருகிறது. குறியீட்டின் பரிமாணமோ 2. எது சரி?

பதில்: 2. அணியை உருவாக்கும்போது களத்தை, அதாவது எந்த எண்களில் கணக்கு என்பதை, சொல்லாவிட்டால் சேஜ் அதை முழு எண் அணியாக எடுத்துக்கொள்ளும். அங்கே அணிக்கோவை 2; இருமக் களத்தில் 2 என்பது பூஜ்யம். முதல் இரண்டு வரிசைகளைக் கூட்டினால் மூன்றாவது வந்துவிடுகிறது, பாருங்கள். இரண்டு உறுப்புக் களத்தை முதலிலேயே குறிப்பிடுங்கள்.

கேள்வி: [7,4] ஹாமிங் குறியீட்டுக்குத் தூரம் 3 வர வேண்டும், 4 என்று வருகிறது. ஏன்?

பதில்: பாரிட்டி அணியை (ஒரு சொல் குறியீட்டில் உள்ளதா என்று சோதிக்கும் அணி) ஜெனரேட்டர் அணியின் இடத்தில் கொடுத்திருப்பீர்கள். கிடைத்தது [7,3] இணைக் குறியீடு. அதன் பூஜ்யமல்லாத ஏழு சொற்களுக்கும் எடை 4. பரிமாணத்தை அச்சிட்டுப் பாருங்கள், 3 என்று வரும்.