வைரஸ் எதிர்ப்புப் புரதங்கள் சில வைரஸின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்து அதைத் தடுக்கின்றன. எப்படிப் பிடிக்கின்றன? நம் செல்களிலும் சர்க்கரை உண்டே, அதை ஏன் விட்டுவிடுகின்றன?

சர்க்கரையைப் பிடிக்கும் இத்தகைய புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். கிரிஃபித்சின் என்ற புரதத்தையே எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பாசி ஒன்றில் கிடைத்தது. 121 அமினோ அமிலங்கள்தான். இதில் இரண்டு மூலக்கூறுகள் இணைந்தே இயங்கும். ஒவ்வொன்றிலும் மானோஸ் சர்க்கரை உட்காரும் குழி மூன்று, ஆக மொத்தம் ஆறு. குழியில் உள்ள அஸ்பார்டிக் அமிலம், மானோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இந்தப் பிடி ரொம்பப் பலவீனம். ஒரு மானோஸ் வரும், கொஞ்ச நேரத்தில் கழன்றுவிடும். ஆனால் எச்ஐவியின் மேற்பரப்பில் உள்ள ஜிபி120 என்ற புரதத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். மானோஸ் கிளைகள் நெருக்கமாக நிற்கும். பல குழிகள் ஒரே சமயத்தில் பிடித்தால், ஒன்று நழுவினாலும் மற்றவை விடாது. உண்மையான பலம் இங்கேதான். இப்படி மூடப்பட்ட ஜிபி120ஆல் வைரஸ் நுழையப் பயன்படுத்தும் செல்லின் ஏற்பியோடு சரியாக ஒட்ட முடியாது.

சரி, நம் செல்கள்? செல்லுக்குள் புரதங்களைப் பதப்படுத்தும் கோல்கி உறுப்பில் நொதிகள் பெரும்பாலான மானோஸ் நுனிகளை வெட்டிவிட்டு, காலக்டோஸ், சியாலிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்துவிடும். ஜிபி120இல் கிளைகள் நெருக்கியடித்து நிற்பதால் நொதி உள்ளே நுழைய முடியாமல் மானோஸ் அப்படியே மிஞ்சுகிறது. ஆனாலும் இந்தப் பாகுபாடு முழுமையானதல்ல. சில லெக்டின்கள் நம் செல்களையும் பிடித்து வம்பு செய்யும்.

தப்பிக்க நினைத்து வைரஸ் சர்க்கரையை உதிர்த்தால், அந்தச் சர்க்கரை மறைத்து வைத்திருந்த புரதப் பகுதிகள் ஆன்டிபாடிகளுக்குத் தெரிந்துவிடும்.