ஏலக்காய்க் கணக்குக்கு எந்த டேஷ்போர்டு?

குமுளியில் ஏலக்காய் வியாபாரம், எக்செல்லில் கணக்கு. அதை டேஷ்போர்டாக, அதாவது ஒரே திரையில் படங்களாகப் பார்க்க எது நல்லது, அதற்கென்று கூகுள் வைத்திருந்த டேட்டா ஸ்டூடியோ எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கும் போகவில்லை. 2022 அக்டோபரில் கூகுள் அதற்கு லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாற்றியது, அவ்வளவுதான். இதே வேலைக்கு மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ மென்பொருளும் உண்டு. அதன் புரோ உரிமம் 2025 ஏப்ரலில் 10 டாலரிலிருந்து 14 ஆனது, ஆளுக்கு, மாதத்துக்கு. அதன் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம். ஆனால் விண்டோஸ் கணினி வேண்டும்.

கடையில் நீங்கள் மட்டும் பார்ப்பதென்றால் அந்த இலவசப் பதிப்பே தாராளம். கம்பத்தில் இருக்கும் பங்காளியும் போனில் பார்க்கவேண்டும் என்றால் கூகுள் ஷீட்டில் கணக்கை ஏற்றி லுக்கர் ஸ்டூடியோவோடு இணையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் கணக்கில் ஒரே ஏல மையத்தை ஒருவர் 'புற்றடி' என்றும் இன்னொருவர் 'புத்தடி' என்றும் எழுதியிருந்தார்கள். படத்தில் இரண்டு தனித்தனிக் கம்பிகள்! ஒரே மையத்தின் விற்பனை இரண்டாகப் பிரிந்து தெரிந்ததால், போடி ஏலத்தில்தான் அதிகம் விற்றோம் என்று தப்பாக நம்பிவிட்டோம். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சரிசெய்யாது. ஊர்ப்பெயர், காய் ரகம் இரண்டையும் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி ஷீட்டில் முதலில் அமையுங்கள். அப்புறம் படம் போடலாம்.