40 லட்சத்துக்குள் விற்பனை. ‘நில்’ ரிட்டர்ன் போடலாமா?

கேள்வி: பெயின்ட், பிவிசி பைப் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். வருட விற்பனை 18 லட்சம். கரன்ட் அக்கவுன்ட் தொடங்குவதற்காக ஜிஎஸ்டி எண் வாங்கினேன். 40 லட்சம் வரை வரி கிடையாது என்று நினைத்து எட்டு மாதமாக ரிட்டர்ன் போடவில்லை. பதிவை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. எல்லா மாதத்துக்கும் ‘நில்’ (விற்பனை பூஜ்யம் என்று காட்டும் ரிட்டர்ன்) போட்டுவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போடவே போடாதீர்கள். பொருள் விற்பவர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய எல்லைதான் 40 லட்சம். விரும்பிப் பதிந்தவருக்கும் எண் கிடைத்த நாள்முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் வரி உண்டு. மொத்த வியாபாரிகள் உங்கள் எண்ணில் போட்ட பில்லெல்லாம் 2பி-யில் (ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் கொள்முதலைக் காட்டும் பட்டியல்) வரிசையாக நிற்கும். சரக்கு வந்திருக்கிறது, விற்பனை பூஜ்யம் என்றால் யார் நம்புவார்கள்?

வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கவில்லை என்றால், வாங்கிய தொகைக்குள்ளேயே வரி இருப்பதாகக் கணக்கிட வேண்டும். மாதம் 1,50,000 ரூபாய் விற்பனை என்றால், 18 சதவீதப் பொருளுக்கு அதை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள்: 22,881 ரூபாய். அதே மாதம் வரியோடு 1,25,000-க்குக் கொள்முதல் செய்திருந்தால் இன்புட் (கொள்முதலில் கொடுத்த வரிக்கான கழிவு) 19,068. கையிலிருந்து கட்டுவது 3,813 மட்டுமே. அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். உங்கள் அளவு விற்பனைக்கு ஒரு 3பி-க்கு (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) 2,000-க்கு மேல் போகாது. நாற்பதே நாளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும் என்பதுதான் வயிற்றெரிச்சல். பில் இல்லாத சரக்குக்கும், உங்கள் எண் இல்லாத பில்லுக்கும் இன்புட் கிடையாது.

பழைய மாதத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), பிறகு அதே மாதத்து 3பி. வரிசை மாறினால் போர்ட்டல் விடாது. எல்லாம் முடிந்ததும், நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள், ரிட்டர்ன் விவரங்களோடு ரெக்-18 படிவத்தில் பதில் போடுங்கள். ரத்து நடவடிக்கை கைவிடப்படும். ரத்து உத்தரவே வந்துவிட்டால் 90 நாளுக்குள், ரத்தை நீக்கக் கோரும் ரெக்-21 படிவம் போட வேண்டும்.

அடுத்த நிதியாண்டுக்குக் கம்போசிஷன் திட்டம் (இன்புட் எடுக்காமல், விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் முறை) உங்களுக்குப் பொருந்தும். மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். விற்பனையில் 1 சதவீதம், அதாவது மாதம் 1,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். திட்டத்துக்கு மாறும்போது கடையில் இருக்கும் சரக்குக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். பில்லில் வரி போடக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. இன்புட் கேட்கும் கான்ட்ராக்டர்கள் உங்கள் வாடிக்கையாளர்களில் அதிகம் என்றால் மட்டும் யோசியுங்கள்; அவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள்.